கிரிமானந்தருக்குச் சென்ற மருந்து





இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டது அங்குத்தர நிகாயத்தில், பத்தின் தொகுதியில் வரும் கிரிமானந்த சூத்திரம். பகவன் சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், கிரிமானந்தர் என்னும் பிக்கு கடும் நோயுற்றுக் கிடந்தார். ஆனந்தர் பகவனை வணங்கி, கருணைகூர்ந்து அந்நோயாளியை நேரில் வந்து காணுமாறு வேண்டினார். பகவனோ பத்து வகையான மனப்பயிற்சிகளை ஆனந்தருக்கு முறையாக எடுத்துரைத்து, அவற்றைக் கிரிமானந்தரிடம் சென்று கூறும்படி பணித்தார். ஆனந்தர் கற்றுக்கொண்டு சென்றார். நோயாளியின் அருகிருந்து கூறினார். கிரிமானந்தர் நோய் நீங்கி எழுந்தார் என்று சூத்திரம் முடிகின்றது.

பௌத்த நாடுகளில் இச்சூத்திரத்தை இன்றும் நோயாளியின் படுக்கையருகே பரித்தமாக ஓதுகின்றனர். நாம் இங்கு உற்று நோக்க வேண்டுவது வேறொன்று. மருத்துவர் ஓரிடத்தில் இருக்கின்றார். நோயாளி மற்றோரிடத்தில் கிடக்கின்றார். மருந்து வாய்மொழியாகச் செல்கின்றது. அதனைச் சுமந்து செல்ல நடுவே ஒருவர் இருக்கின்றார். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, மனக்காயத்திற்குச் சிகிச்சை செய்வோர் யாவரும் இவ்வழியையே நாட வேண்டியதாயிற்று. அவ்வழி எவ்வாறு அமைந்தது, அதன் நன்மை யாது, இடர் யாது, நம் சங்கத்தார் அதிலிருந்து கற்க வேண்டுவது யாது என்பதே இப்பாடம்.

1. மனக்காயம் யாது?

துன்பம் வேறு, மனக்காயம் வேறு. துன்பம் யாவர்க்கும் பொது. தன் உயிரோ தன்னைச் சேர்ந்தாரின் உயிரோ கண்முன் போகும் நிலையில், கைகட்டி நிற்பதன்றி வேறு வழியற்றுப்போகும்போது உள்ளத்தில் ஏற்படும் காயமே மனக்காயம். நடந்தது முடிந்துவிடும், ஆனால் அந்நினைவு பழையதாகாது. இப்பொழுதே நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

மருத்துவர் இதற்கு நான்கு அடையாளங்கள் கூறுவர். அழையாமலே அக்காட்சி கனவிலும் நனவிலும் வருதல். அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்கி ஓடுதல். தன்மேலும் உலகின்மேலும் கொண்ட எண்ணம் கெட்டு, எல்லாம் தன் குற்றமென்று குமைதல். சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு உறக்கம் இழத்தல். இவை ஒரு மாதத்திற்கு மேலும் நீங்காது நின்று வாழ்வைக் கெடுக்குமானால், அது சிகிச்சைக்குரிய நோய். அதிர்ச்சி உற்றார் அனைவர்க்கும் இது நேர்வதில்லை. பெரும்பாலோர் சுற்றத்தின் துணையாலும் காலத்தாலும் தேறிவிடுவர். தேறாதவரை ஏளனம் செய்தலும் கூடாது. தேறியவரை நோயாளி என்றலும் கூடாது.

இது தங்கவயலுக்குப் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. அவ்வாழத்தில் பாறை வெடித்தால், மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்கவாயிலுக்கு ஓடுவர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னரும், கதவு அறைந்த ஓசைக்கு நள்ளிரவில் எழுந்து வாசலுக்கு ஓடிய முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். மில்லில் உழைத்த நாளில், பெல்ட்டில் கை சிக்கி மீண்ட தோழர் ஒருவர், கை ஆறிய பின்னும் அவ்வோசை கேட்கும் இடத்தில் நிற்க இயலாமல் வியர்த்து நடுங்குவதை நாம் அருகிருந்து பார்த்தோம். அந்நாளில் அதனைப் பயம் என்றோம். சிலர் காற்றுச் சேட்டை என்று கயிறு கட்டினர். கயிறு நைந்து அறுந்தது, பயம் அறவில்லை.

பகவன் இதனை இரண்டு அம்புகளின் உவமையால் விளக்கினார். முதல் அம்பு உடலில் தைத்த வலி. இரண்டாம் அம்பு அவ்வலியைப் பற்றி மனம் தனக்குத்தானே எய்துகொள்வது. முதல் அம்பை நம்மால் தடுக்க இயலாமற் போகலாம். இரண்டாம் அம்பைப் பிடுங்கலாம் என்பதே தம்மம். பிடுங்கும் வகையை ஆராய்ந்ததே இக்கால மனக்காயச் சிகிச்சை.

2. நம் வயலில் நேர்ந்தது

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்னரே பயணிகள் ரயில்கள் நின்றன. மாரிகுப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகாம் நிலையங்களில் விடியுமுன் ஏறி, பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான நம்மவரின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. நாடெங்கும் ஆக்சிஜனுக்கு அலைந்தனர். சுரங்கம் மூடிய பின் பயன்பாடின்றிக் கிடந்த பழைய சுரங்க மருத்துவமனை, தொண்டர் பலரின் உழைப்பால் தூய்மை செய்யப்பட்டு, கொரோனா நோயாளிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான்.

அந்நாளில் மரணத்தினும் கொடியதாயிருந்தது மரணம் நேர்ந்த வகை. நோயாளி தனியே சென்றார், தனியே இறந்தார். உடல் உறையில் சுற்றப்பட்டு வந்தது. முகம் காணாமலே அடக்கம் முடிந்தது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ஒரு சாவு என்றால் தெருவே கூடி உட்கார்ந்து இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம். அவ்வழக்கமே அந்நாளில் நோய் பரப்பும் வழியாகிவிட்டது. அருகில் அமர்ந்து ஆறுதல் கூறுவது மிகவும் வேண்டப்பட்ட வேளையில், அருகில் அமர்தலே ஆபத்தாயிற்று. இதுவே இப்பாடத்தின் முடிச்சு.

3. வினைப்பயன் என்று கூறலாமோ?

முடிச்சை அவிழ்க்குமுன் ஒரு முள்ளை அகற்ற வேண்டும். இறந்தார் முன்வினையால் இறந்தார், பிழைத்தார் நல்வினையால் பிழைத்தார் என்று பேசுவோர் நம்முள்ளும் உளர். அவர்கள் சம்யுத்த நிகாயத்தில் உள்ள சீவக சூத்திரத்தைக் கேட்பாராக. மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையாலேதானோ என்று மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் வினவினான். பகவன் எட்டுக் காரணங்களை விடையாக எண்ணிக் காட்டினார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவத்தின் மாற்றம், கவனமற்ற நடத்தை, பிறரால் நேரும் தாக்குதல், இறுதியாக வினைப்பயன். எட்டில் ஒன்றை எட்டுமாக்கிப் பேசுவோர் உலகறிந்த உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்பதே பகவன் தீர்ப்பு.

நம்மைத் தாழ்த்தி வைத்தோர் எக்காலமும் கூறிய காரணமும் முன்வினையே. அதனை உதறியே நாம் திரிசரணம் புகுந்தோம். உதறிய சொல்லை எடுத்து, பிள்ளையை இழந்த தாயின்மேல் நாமே எறியலாகுமோ? வேலைக்குச் சென்றுவந்த என்னாலன்றோ நோய் வீட்டிற்குள் வந்தது, நானன்றோ கொன்றேன் என்று குமையும் உள்ளத்தில் இவ்வினைப் பேச்சு இரண்டாம் அம்பாகத் தைக்கும். அமெரிக்க நாட்டு அறிஞர் பட்ரீசியா ரெசிக் என்பார் வகுத்த சிகிச்சை இவ்வெண்ணத்தையே எடுத்து ஆராய்கின்றது. நோய் வருமென அறிந்தா சென்றாய், செல்லாதிருக்க வழி இருந்ததா, அன்று அறிந்தது எது, இன்று அறிவது எது என்று சான்றைக் கொண்டு ஆராயச் செய்து, பொய்க் குற்றத்தைக் கரைக்கின்றது. சுமார் 12 அமர்வுகளில் இது நடைபெறும். கேட்டதனால் மட்டும் நம்பாதே, ஆராய்ந்து தெளி என்ற காலாமருக்குரிய போதனைக்கு இம்முறை அயலன்று.

4. சிகிச்சையின் வரிசை

படாசாரையின் வரலாற்றை நம் பெண்கள் அறிவர். கணவனைப் பாம்பு தீண்டியது. கைக்குழந்தையைப் பருந்து கவர்ந்தது. மூத்த பிள்ளையை ஆறு கொண்டது. புயலில் வீடு இடிந்து தாய், தந்தை, உடன்பிறந்தான் மூவரும் மாண்டனர். அறிவு கலங்கி, ஆடை நழுவியதும் அறியாது அலைந்தவளைப் பித்தி என்று விரட்டினர். பகவன் விரட்டுவோரைத் தடுத்தார். அவர் செய்தவற்றின் வரிசையைக் கவனிப்போம். முதலில், அருகே வர இடம் கொடுத்தார். இரண்டாவது, நினைவு கூடிவரச் செய்தார். நினைவு வந்ததும் அவள் தன் நிலை உணர்ந்து நாணினாள். ஒருவர் மேலாடை தந்தார். மூன்றாவது, அவள் தன் கதையைக் கூறினாள், பகவன் கேட்டார். அதன் பின்னரே தம்மத்தை உரைத்தார். பிற்காலத்தில் அவளே பிற பெண்களின் துயர் தீர்க்கும் தேரியானாள்.

ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1992-இல் வெளியிட்ட நூலில் மனக்காயச் சிகிச்சைக்கு மூன்று படிகள் கூறுகின்றார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து இரங்கல், மீண்டும் வாழ்வோடு இணைதல். படாசாரைக்கு நேர்ந்த வரிசையும் இதுவே. வரிசை மாறினால் தீங்கு. அதிர்ச்சியுற்றவரை உடனே உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் கூறு என்று வற்புறுத்துவது நன்மை செய்யாது. உலக சுகாதார நிறுவனமும் அதனை வேண்டாம் என்கின்றது. ஆடை தருமுன் கதை கேட்கலாகாது என்பதை நாம் விதியாகக் கொள்வோம்.

நிலைத்துவிட்ட மனக்காயத்திற்கு அந்நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த சிகிச்சைகள், காயத்தின் நினைவை நேர்கொண்டு ஆராயும் எண்ணச் சிகிச்சையும் கண்ணசைவுச் சிகிச்சையும் ஆகும். முதல் வகையில் ஒன்று எட்னா ஃபோவா வகுத்தது. பயிற்சி பெற்றவர் துணையோடு, அஞ்சி விலக்கிய நினைவையும் இடத்தையும் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, இது நினைவே, இப்பொழுது நடப்பதன்று என்று உள்ளம் தெளிய வைப்பது. 8 முதல் 15 அமர்வுகள் தேவைப்படும். கண்ணசைவுச் சிகிச்சை 1987-இல் பிரான்சின் ஷாபிரோ என்பார் தொடங்கியது. நினைவை மனத்தில் நிறுத்தி, சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களால் இடமும் வலமும் பின்தொடரச் செய்வது. இவை அனைத்தும் எதிரெதிரே அமர்ந்து செய்யுமாறு அமைந்தவை. கொரோனாக் காலம் அந்த எதிர் நாற்காலியை எடுத்துவிட்டது.

5. தொலைவழி

தொலைவழிப் போதனை நமக்குப் புதிதன்று. 1907-இல் பண்டித அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய தமிழன் இதழ் தபாலில்தான் தங்கவயலுக்கு வந்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டனர். பண்டிதர் அங்கே, கேட்போர் இங்கே, படித்துக் காட்டியவரே ஆனந்தர். நம் பாட்டன்மார் தம்மத்தை அறிந்தது இவ்வழியால்.

மனநல மருத்துவத்திலும் முன்னோடிகள் இருந்தனர். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப், 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்தினுள் திரை; திரையில் சென்னை மருத்துவர்; எதிரே கிராமத்து நோயாளி; உடன் உள்ளூர்ப் பணியாளர். அமெரிக்காவில் போரில் மனக்காயமுற்ற பழைய படைவீரர்க்குக் காணொளி வழியே சிகிச்சை தந்து ஆராய்ந்தவர்களும், நேரில் பெற்றோர்க்கு ஒப்பவே அவர்களும் தேறியதைக் கண்டனர். ஆகவே 2020-இல் கேள்வி, தொலைவழி இயலுமா என்பதன்று. ஏழை வீட்டில், ஒரே அறையில், எல்லோரும் அஞ்சியிருக்கும் வேளையில் எவ்வாறு இயலும் என்பதே.

நம் நாட்டில் 2020 மார்ச் 25-ஆம் நாளிலேயே தொலைமருத்துவ விதிகள் வெளியாகி, தொலைபேசியாலும் காணொளியாலும் மருத்துவம் செய்ய வழி வகுத்தன. அம்மாத இறுதியில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நாடு முழுமைக்கும் ஆறுதல் தொலைபேசி இணைப்பைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 2022 அக்டோபர் 10-ஆம் நாள் டெலி மானஸ் என்னும் அரசுப் பணி தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொருவரும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

6. வேசாலியில் நேர்ந்தது

தொலைவழி நன்றென்று கண்டோம். அதன் இடரையும் பகவன் வரலாறே காட்டுகின்றது. வேசாலி மகாவனத்தில் பகவன் பிக்குகளுக்கு உடலின் அசுபத்தைச் சிந்திக்கும் பயிற்சியைப் போதித்துவிட்டு, அரை மாதம் தனிமையில் அமர்ந்தார். உணவு கொண்டுவருபவர் ஒருவரன்றி வேறெவரும் அணுகலாகாது என்று பணித்திருந்தார். பிக்குகள் அப்பயிற்சியை மிகையாகச் செய்து, உடலின்மேல் அருவருப்பு முற்றி, பலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். தனிமை நீங்கி வந்த பகவன், சங்கம் ஏன் குறைந்து தோன்றுகின்றது என்று வினவ, ஆனந்தர் நடந்ததைக் கூறி வேறு முறை வேண்டினார். பகவன் மூச்சில் நினைவை நிறுத்தும் ஆனாபான சதியை அப்பொழுது போதித்தார். சம்யுத்த நிகாயம் இதனை மறைக்காமல் கூறுகின்றது.

இங்கே ஒன்றைக் காண்க. கிரிமானந்தருக்கு அனுப்பிய பத்துப் பயிற்சிகளில் அசுபமும் ஒன்று. அது அங்கே மருந்தாயிற்று, வேசாலியில் நஞ்சாயிற்று. பொருள் ஒன்றே, வேறுபாடு யாது? நாம் கொள்ளும் விடை இது: கிரிமானந்தரின் அருகே ஆனந்தர் இருந்தார். வேசாலிப் பிக்குகளுக்கும் பகவனுக்கும் நடுவே, அவர்கள் நிலையைக் கண்டு உடனே சென்று சொல்ல அந்த அரை மாதமும் எவருமில்லை. தொலைவு குற்றமன்று, நடுவே ஆளில்லாத் தொலைவே குற்றம். முறையை நோயாளிக்கேற்ப மாற்றத் தயங்கலாகாது என்பதும் இதிலிருந்தே பெறப்படும். பகவனே மாற்றினார்.

இதற்குச் சான்று நம் காலத்திலும் உண்டு. தெற்கு சூடானிலிருந்து போருக்கு அஞ்சி உகாண்டா நாட்டில் அகதிகளாய் வாழ்ந்த 694 பெண்களிடையே, உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சி ஒன்று ஆராயப்பட்டு, 2020-இல் முடிவு வெளியாயிற்று. மருத்துவர் எவரும் அங்குச் செல்லவில்லை. பதிவு செய்த குரலும் படங்கள் கொண்ட புத்தகமுமே சென்றன. 30 பேர் வரை கூடி அமர, 5 அமர்வுகள் நடந்தன. குரலை ஒலிக்கச் செய்து உடனிருந்தவர்கள் சிறு பயிற்சி மட்டும் பெற்ற சாதாரணப் பெண்கள். அப்பயிற்சி பெற்றோரின் மனத்துயர் மூன்று மாதங்களுக்குப் பின்னும் மற்றவரினும் குறைந்து காணப்பட்டது. குரல் தொலைவிலிருந்து வந்தது; ஆனந்தர் அருகிருந்தார்.

7. எவற்றை மாற்ற வேண்டும்?

தொலைவழிச் சிகிச்சையாளர் கைக்கொண்ட மாறுதல்களை, நம் லைன் வீட்டிற்குப் பொருந்துமாறு தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, இருப்பிடம். ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் இப்பொழுது எங்கிருக்கின்றீர், உடன் யார் உளர், அவசரமானால் யாரை அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நேருமானால் தொலைவில் உள்ளவரால் ஓடிவர இயலாது. பக்கத்து வீட்டாரே வர இயலும்.

இரண்டாவது, மறைவு. ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் மாமியாரைப் பற்றியோ கணவனைப் பற்றியோ எவ்வாறு வாய்திறப்பது? காதில் மாட்டும் கருவி பாதி உதவும். ஆம், இல்லை என்று மட்டும் விடை கூறத்தக்க வினாக்களைக் கேட்கலாம். எவரேனும் உள்ளே வந்தால் அரிசி விலையைப் பற்றிப் பேச்செடுப்பேன் என்பது போன்ற குறிப்பை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, துண்டிப்பு. பாரமான பேச்சின் நடுவே இணைப்பு அறுந்தால், கைவிட்டுவிட்டார் என்று காயமுற்ற மனம் எண்ணும். அறுந்தால் யார் மீண்டும் அழைப்பது, கிடைக்காவிடில் என்ன செய்வது என்பது முதல் நாளே முடிவாக வேண்டும்.

நான்காவது, கண்ணுக்கு எட்டாதவை. நேரில் கையின் நடுக்கமும் காலின் துடிப்பும் தெரியும். தொலைபேசியில் மூச்சும் மௌனமுமே தெரியும். ஆகவே அடிக்கடி கேட்க வேண்டும். 0 முதல் 10 வரை கலக்கம் எவ்வளவு என்று எண்ணால் கூறச் செய்வது நல்ல உபாயம்.

ஐந்தாவது, பயிற்சியின் மாறுதல். கண்ணசைவுச் சிகிச்சையில் சிகிச்சையாளர் விரலுக்குப் பதில் திரையில் அசையும் புள்ளி வந்தது. அல்லது நோயாளியே தன் தோள்களை மாற்றி மாற்றித் தட்டினார். இத்தட்டலை வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்பர். மெக்சிகோ நாட்டு அக்கபுல்கோவில் புயலால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1998-இல் லூசினா ஆர்டிகாஸ் என்னும் பெண்மணி வகுத்தது அது. இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்து, இடமும் வலமுமாக மெல்லத் தட்டுவது. கலக்கத்தைத் தணிக்க இதனை யாவரும் செய்யலாம். இதனைக் கொண்டு பழைய காயத்தைத் திறப்பது பயிற்சி பெற்றவர் துணையோடே செய்யத்தக்கது. எட்னா ஃபோவாவின் முறையில், அஞ்சும் கூட்டத்திற்குள் சென்றுவா என்று பணிப்பது கொள்ளைநோய்க் காலத்தில் பொருந்தாது. மெய்யான ஆபத்தையும் காயம் காட்டும் பொய் ஆபத்தையும் பிரித்து, வெறும் தெருவில் மருத்துவமனை வாயில்வரை நடந்துவருதல் போன்றவற்றை அளிக்க வேண்டும்.

ஆறாவது, முடிவு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில் மனம் சிறிது ஆறும். தொலைபேசியை வைத்தவுடனோ குழந்தை அழும், அடுப்பு அழைக்கும். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தை ஆறுதலுக்கென ஒதுக்க வேண்டும். பின்னரும் கால் மணி நேரம் அவரை எவரும் வேலைக்கு அழையாதிருத்தல் வீட்டாரின் கடமை.

ஏழாவது, எல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையார், வீட்டிலேயே அடிபடுவோர், இடைவிடாக் குடியில் இருப்போர், இல்லாத குரல் கேட்போர் ஆகியோருக்குத் தொலைபேசி மட்டும் போதாது. அவர்களுக்கு மருத்துவமனையும் நேரில் துணையும் வேண்டும். துணை செல்ல ஒருவர் அன்றே எழ வேண்டும்.

8. மூச்சுத் தியானம் பற்றி ஓர் எச்சரிக்கை

நம்மில் தியானம் பழகியோர் ஆர்வத்தால் செய்யக்கூடிய தீங்கு ஒன்றுண்டு. துயருற்றார் எவரைக் கண்டாலும் கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்பர். கொரோனாவில் மூச்சுத் திணறிப் பிழைத்தவர்க்கும், திணறி இறந்தவரைக் கண்டவர்க்கும் மூச்சே காயத்தின் வாயில். அவரைக் கண்ணை மூடி மூச்சோடு தனியே விடுதல், அன்றிருந்த படுக்கையிலேயே மீண்டும் கிடத்துவதாகும். வேசாலியில் அசுபம் பொருந்தாதபோது மூச்சைத் தந்தார் பகவன். மூச்சு பொருந்தாதவர்க்கு நாம் பாதத்தைத் தருவோம். கண் திறந்திருக்கட்டும். பாதம் தரையில் படுவதை உணரட்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லட்டும். மெல்ல நடக்கட்டும். சதிப்பட்டான சூத்திரத்தில் நடத்தலும் நிற்றலும் நினைவுக்குரியனவே. மூச்சு பிறகு தானே வரும்.

9. சங்கத்தார் கடமை

கொள்ளைநோய் அன்று போயிற்று. மனக்காயம் அதனோடு போகவில்லை. ஆம்புலன்ஸ் ஓசைக்கு இன்னும் உடல் உறையும் வீடுகள் நம் தெருக்களில் உள்ளன. மற்றொரு கொள்ளைநோய் வாராதென்பதற்கும் உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் இருவரை, ஒருவர் ஆண், ஒருவர் பெண், ஆனந்தர் பணிக்கு அமர்த்துவதாக. அவர்கள் சிகிச்சையாளர் அல்லர்; சிகிச்சைக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்போர். அவர்கள் பணி நான்கு.

கேட்டதைக் கேட்டபடி கொண்டுசேர்த்தல்: ஆனந்தர் தம் சரக்கை மருந்தோடு சேர்க்கவில்லை. அருகிருத்தல்: 14416-ஐ அழைக்கத் தயங்குவோரின் பக்கத்தில் அமர்ந்து அழைத்துக் கொடுத்தல், சங்கக் கூடத்தில் கதவுள்ள ஓர் அறையையும் ஒரு கைப்பேசியையும் அதற்கென வைத்தல். திரும்பிச் சொல்லுதல்: நிலை மோசமானால் மறைக்காமல் மருத்துவர்க்கு உடனே அறிவித்தல். இரகசியம் காத்தல்: கேட்டது தெருக்குழாயடிக்குச் செல்லுமானால், அவ்வறைக்கு எவரும் மீண்டும் வாரார்.

முகம் காணாமல் அடக்கம் செய்தவர்கள், அவர்கள் விரும்பினால், ஒரு பௌர்ணமியில் சங்கத்தில் கூடி, இறந்தார் படத்தை வைத்து, பெயரைச் சொல்லிப் புண்ணியம் பகிரலாம். ஆண்டுகள் கழிந்தன என்று தயங்க வேண்டா. விரும்பாதவரை இழுத்து வரவும் வேண்டா.

ஆனந்தர் பணியில் இருப்போரையும் காத்தல் வேண்டும். பகவன் பரிநிர்வாணம் நெருங்கியபோது ஆனந்தர் கதவுநிலையைப் பற்றி நின்று அழுதார். பகவன் அவரை அழைத்துத் தேற்றினார். பிறர் காயத்தை நாளும் கேட்பவர்க்கும் காயம் படும். அவர் பாரத்தை இறக்கவும் மாதம் ஒருமுறை ஓர் இடம் அமைப்போமாக.

தம்மம் நம்மைக் காக்கும் என்கின்றோம். அது கால்கொண்டு நடந்துவருவதில்லை. யாரேனும் ஒருவர் எழுந்து, அடுத்த தெருவிற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

10. கூடிச் சிந்திக்க வினாக்கள்

1. கிரிமானந்தருக்கு மருந்தான அசுபப் பயிற்சி வேசாலியில் தீங்கானது ஏன்? நீங்கள் கொள்ளும் காரணம் யாது?

2. படாசாரைக்குப் பகவன் செய்தவற்றின் வரிசையைக் கூறுக. நாம் ஆறுதல் கூறச் செல்லும் வீடுகளில் அவ்வரிசையைக் காக்கின்றோமா?

3. சீவக சூத்திரம் கூறும் எட்டுக் காரணங்கள் யாவை? வினைப்பேச்சு துயருற்றாரை எவ்வாறு புண்படுத்தும்?

4. உங்கள் லைனில் ஒருவர் மறைவாகத் தொலைபேசியில் பேச வேண்டுமானால் எங்கே பேசுவார்? அவ்விடம் இல்லையெனில் சங்கம் என்ன செய்யலாம்?

5. உங்கள் சங்கத்தில் ஆனந்தர் பணிக்குத் தகுந்த இருவர் யாவர்? அவரை யார், எந்நாளில் கேட்பது?

ஐந்தாம் வினாவிற்கு விடை காணாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டா என்று கேட்டுக்கொள்கின்றோம்.

சாது! சாது! சாது!